ஐந்து வீட்டு டெலிவிஷன்

1987ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கும் பன்னிரண்டரை மணிக்கும் இடையில், எங்கள் ரெட்டைப் பாலத் தோட்டத்தில் ஐந்து பெண்கள் பணக்காரிகளானார்கள். லாட்டரி விழவில்லை, புதையல் அகப்படவில்லை. ஈப்போவிலிருந்து ஒரு தம்பி வந்தார், பார்த்தார், பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, யாரும் இரண்டரை மணி நேரத்தில் முன்னேறியதில்லை. அந்தச் சாதனையில் முக்கால் பங்கு என்னுடையது என்பதால் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன்.

ரெட்டைப் பாலம் பேராக் மாநிலத்தில், சுங்காய் டவுனிலிருந்து ஏழு மைல். பெயர்தான் ரெட்டை, பாலம் ஒன்றுதான். இன்னொன்று ஜப்பான்காரன் காலத்தில் விழுந்தது. அடுத்த வருடம் கட்டித் தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. நாற்பத்து மூன்று வருடமாக அதே அடுத்த வருடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் பாலத்தோடு சேர்த்துத் தோட்டத்தையும் விற்றுவிட்டுப் போய்விட்டது. புது முதலாளி வந்ததும் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார். ரப்பருக்கு நூறு பேர் வேண்டும். செம்பனைக்குப் பத்துப் பேரும் ஒரு லோரியும் போதும். மீதித் தொண்ணூறு பேருக்கும் முதலாளி முழுச் சுதந்திரம் கொடுத்தார். எங்கே வேண்டுமானாலும் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தொண்ணூறில் ஒருத்தி இருளாயி. வயது நாற்பத்தெட்டு, புருஷன் செத்து ஒன்பது வருடம். பதின்மூன்று வயதில் ரப்பர் பால் பிடிக்கிற மங்கு கழுவ ஆரம்பித்தவளைப் பார்த்து, செம்பனைக் குலை தூக்க உனக்கு வயது தாண்டிவிட்டது என்று வேலை வாங்குகிற மண்டோர் பெயரை வெட்டச் சொல்லிவிட்டார். கோலாலம்பூரில் மகள் வீடு இருந்தது. நாலாவது மாடி, இரண்டு அறை, ஏற்கெனவே ஏழு பேர்.

"அங்க போனா துணியோட துணியா என்னையும் பால்கனில காயப் போட்டுருவாங்க ஐயா" என்றாள் என்னிடம். நான் அப்போது அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி. பெயர் எழுதுவதும் என் கைதான், வெட்டுவதும் என் கைதான்.

அவள் கண் வைத்திருந்தது பால் கொட்டகை மீது. ரப்பர் பாலை வாளி வாளியாகக் கொண்டுவந்து நிறுக்கிற கொட்டகை அது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. மரமே இல்லாத தோட்டத்தில் பாலுக்கு எங்கே போவது? கொட்டகை சும்மா கிடந்தது. ஆனால் அது இருந்த இடம் மெயின் ரோட்டு முக்கு. விடிந்தால் ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிப் போகிற இரண்டு பஸ்கள் அங்கேதான் நிற்கும். செம்பனை லோரிகளும் அங்கேதான் வரிசை கட்டும். அத்தனை பேருக்கும் பசியாற இரண்டு மைல் சுற்றளவில் ஒரு கடை கிடையாது. இருளாயியின் தோசையைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் ஒரு கல்யாணத்தில் அவள் தோசை சுட்டாள். மாப்பிள்ளை தாலி கட்டுவதை நிறுத்திவிட்டு வாசனை வந்த பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு நான் சாட்சி.

புது மேனேஜர் ஒரு விளம்பரம் ஒட்டினார். கொட்டகை வாடகைக்கு. முன்பணம் முன்னூறு வெள்ளி. ஜூலை முப்பத்தொன்றுக்குள் யார் முதலில் கட்டுகிறாரோ அவருக்கு.

இருளாயி கையில் இருந்தது நாற்பத்திரண்டு வெள்ளி.

கொட்டகை மீது கண் வைத்த இன்னொரு ஆள் பழனியப்பன். முன்னாள் கங்காணி மகன். அங்கே 'குளிர்பானக் கடை' வைக்கப்போவதாகச் சொன்னான். அவன் விற்ற குளிர்பானத்தைக் குடித்தவர்கள் குளிர்ந்துபோய் வாய்க்காலில்தான் கிடப்பார்கள். சம்சு என்கிற கள்ளச் சாராயம்தான், வேறென்ன. அதோடு வட்டிக்கும் விடுவான். நூறு வாங்கினால் மாதம் இருபது வட்டி. அடகுக்கு நகை இல்லாதவர்கள் அடையாளக் கார்டைக் கொடுக்க வேண்டும். லயத்தில் பாதிப் பேருடைய கார்டு அவனுடைய பிஸ்கட் டின்னில் தூங்கியது. இருளாயிக்கு நீர் ஏன் முன்னூறு வெள்ளி கொடுத்து உதவவில்லை என்று கேட்காதீர்கள். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவன் நான். என் கார்டும் அந்த டின்னில்தான் இருந்தது.

பழனியப்பன் தாராள மனசுக்காரன். இருளாயியைக் குழாயடியில் பார்த்து அவனே சொன்னான்:

"கொட்டகை வேணுமாமே உனக்கு? நான் தாரேன்லா முன்னூறு. அடுத்த மாசம் முன்னூத்தி அறுபதாக் குடு. என்கிட்டயே கடன் வாங்கி என்னோடவே போட்டி போடு. எனக்கு என்ன சூசா, என்ன கஷ்டம்?"

"உங்க காசு வேணாம்ண்ணே" என்றாள் இருளாயி. "அத எண்ணுனா கை நாறும்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். முன்னூறை அன்றைக்கே கட்டிக் கொட்டகையை எடுத்திருக்கலாம். ஆனால் பழனியப்பனுக்கு ஒரு கொள்கை உண்டு. யார் கேட்டதையும் முழுசாகக் கொடுப்பதில்லை. வேறு யாருக்கும் கட்ட வக்கில்லை, கடைசி நாள் வரை இழுத்தால் மேனேஜர் இருநூறுக்கு இறங்குவார் என்று காத்திருந்தான். இது நமக்குப் பின்னால் உதவும்.

அந்தச் சமயத்தில்தான் ஈப்போவிலிருந்து மலர்ச்சி அறவாரியம் என்று ஒன்று எங்கள் தோட்டத்துக்கு வந்தது. வந்தது என்றால், ஜெயபாலன் என்ற தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். மூக்குக் கண்ணாடி, ஒல்லி உடம்பு, உடம்பைவிடக் கனமான பை. கோயில் கொட்டகையில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். வங்காள தேசத்தில் அடகே இல்லாமல் ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்கிறார்களாம். அவர்களும் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறார்களாம். அதை இங்கேயும் செய்து பார்க்கப் போகிறோம் என்றார்.

"ஆம்பளைங்களுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆண்களுக்கு இல்லைங்க. அவங்க கைக்குப் போனா பணம் வீட்டுக்குப் போய்ச் சேர மாட்டேங்குதுன்னு ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க."

இதைக் கண்டுபிடிக்க எத்தனை பேராசிரியர்கள் எத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்களோ. எங்கள் லயத்தில் சம்பள நாளன்று ஆறு மணிக்கு வந்து நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

விதிகள் இவை. ஐந்து பெண்கள் ஒரு குழு. ஐவரும் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது. அவர்கள் பார்த்து யாருக்கு முதலில் என்று சொல்கிறார்களோ, அவளுக்கு ஐந்நூறு வெள்ளி. வாராவாரம் கட்ட வேண்டும். அவள் கட்டாவிட்டால் மற்ற நாலு பேருக்கும் கிடையாது. அடகு, ஜாமீன், பிஸ்கட் டின் எதுவும் வேண்டாம். அந்த நாலு பேர்தான் ஜாமீன்.

நவமணி, மங்களம், காளியம்மா, கருப்பம்மாள் நாலு பேரும் அங்கேயே இருளாயி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மரம் வெட்டினதில் நாலு பேருக்கும் வேலை போயிருந்தது. நாலு பேருக்கும் ஆடு, கோழி, காய்கறி என்று ஆளுக்கொரு யோசனை இருந்தது. "மொதல்ல இருளாயிக்கு. அவளுக்குத்தான் தேதி இருக்கு" என்றாள் கருப்பம்மாள். விவாதம் முடிந்தது.

"ஆனா ஏழைகளுக்கு மட்டும்தான்" என்றார் ஜெயபாலன்.

"ஏழைன்னு எப்படிப்பா தெரியும்? நெத்தியில எழுதியிருக்கா?" என்றாள் காளியம்மா.

"பதினாலாம் தேதி நான் வந்து வீட்டைப் பார்ப்பேன்."

கெட்டது குடி. யாராவது 'வந்து பார்ப்பேன்' என்று சொன்னால் எங்கள் தோட்டத்துக்கு ஒரு வியாதி வந்துவிடும். நூறு வருடத்து வியாதி. துரை பார்க்க வருகிறார் என்றால் வாய்க்காலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். வழியோரக் கல்லுக்குக்கூட வெள்ளை அடிப்போம். மூக்கொழுகும் பிள்ளைகளைப் பின் லயத்துக்கு அனுப்புவோம். இருமுகிறவன் இருமக் கூடாது. ஆறு துரைகளுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். பேராக்கிலேயே இவ்வளவு சந்தோஷமான தொழிலாளர்களைப் பார்த்ததில்லை என்று லண்டனுக்குப் போன பிறகு ஒரு துரை கடிதமே எழுதினார். அவர் பார்த்தது முன் லயம் மட்டும்.

ஆகவே, பதின்மூன்றாம் தேதி ஐந்து பேரையும் கூப்பிட்டு வைத்துத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். மங்களம் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா, நாம ஏழைன்னு காட்டணும்ல? இது வேற மாதிரி இருக்கே."

"ஏழைன்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே வாராரு. கடன் குடுக்குறவன் என்ன பாப்பான்? இது திருப்பிக் கட்டுற மூஞ்சியான்னு பாப்பான். வீட்டுல ஒரு நாற்காலி இல்லாதவளுக்கு எவன் ஐந்நூறு வெள்ளி குடுப்பான்?"

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் இருளாயி. அந்த வாக்கியத்துக்காக அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஐந்து வீட்டையும் அலங்கரிக்கச் சாமான் வேண்டுமே! என் வீட்டிலிருந்து நாலு பிரம்பு நாற்காலி. காளியம்மா வீட்டுச் சுவர்க் கடிகாரம். அது எப்போதோ நாலு பத்துக்கு நின்றுபோனது. மங்களத்தின் ரோஜாப்பூ போட்ட ஆறு கண்ணாடிக் கிளாஸ். எல்லாவற்றுக்கும் மேலே நவமணியின் டெலிவிஷன். ஒரு காலத்தில் லயத்தில் பத்து டெலிவிஷன் இருந்தது. எல்லாம் ஈப்போக் கடையில் தவணைக்கு எடுத்தது. வேலை போனதும் கடைக்காரன் ஒரே லோரியில் ஒன்பதை ஏற்றிக்கொண்டு போனான். பத்தாவதை வேண்டாம் என்று விட்டுவிட்டான். அதில் படமும் வராது, சத்தமும் வராது. நவமணி அதற்குப் பூப்பின்னல் உறை போட்டு, மேலே தன் கல்யாணப் படத்தை வைத்திருந்தாள்.

ஒவ்வொரு வீட்டிலும் தம்பி முன்வாசலில் விடைபெறும்போது, சாமான்கள் பின்வாசல் வழியாக வாய்க்கால் ஓரமாய் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். சுமக்க நாலு ஆண்கள். ஆண்களை நம்ப முடியாது என்று சொன்ன ஆராய்ச்சிக்கு எங்கள் பதில் அது.

முதல் வீடு நவமணியுடையது. தம்பி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ரோஜாப்பூக் கிளாஸில் சிரப்புத் தண்ணி குடித்தார். படத்தைப் பார்த்தார். "இது நீங்களா?"

"ஆமாங்க. இருவது வருசமாச்சு."

பாரத்தில் எழுதிக்கொண்டார். இரண்டாவது வீட்டில் மங்களம். அதே நாற்காலி, அதே சிரப்பு. டெலிவிஷனும் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மேலே நவமணி மணக்கோலத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தை எடுக்கும்படி யாரும் யாருக்கும் சொல்லவில்லை. என் திட்டத்தில் அது ஒன்றுதான் ஓட்டை.

"இவங்க பக்கத்து வீட்டம்மாதானே?" என்றார் ஜெயபாலன்.

மங்களத்துக்கு வேர்த்தது. "ஆமா தம்பி. எங்க அக்கா."

மூன்றாவது வீட்டில் காளியம்மா, "எங்க பெரியப்பா மக" என்றாள். நாலாவது வீட்டில் கருப்பம்மாள், "என் கூடப் பொறந்தவ" என்றாள்.

"எல்லார் வீட்டிலயும் ஒரே மாதிரி டெலிவிஷனா இருக்கே!"

"மொத்தமா வாங்கினா கடையில சலுகை தம்பி" என்றாள் கருப்பம்மாள். பொய் சொல்வதில் அவளுக்கு நல்ல எதிர்காலம் இருந்தது.

"கடிகாரமும் எல்லா வீட்டிலயும் நாலு பத்து காட்டுது."

"இந்தத் தோட்டத்துல எல்லாமே ஒத்துமையாத்தான் நிக்கும்."

ஐந்தாவது வீடு இருளாயியுடையது. அதற்குள் தம்பி நாலு கிளாஸ் சிரப்புக் குடித்திருந்தார். பாதி நேரம் கொல்லைப்புறம் போவதிலேயே கழிந்தது. அவர் போன வழியில்தான் டெலிவிஷனும் வந்தது. சுமந்தவர்கள் வாழை மரத்துக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றார்கள். கடைசியில் அவர் படத்தைக் காட்டி, "இவங்க உங்களுக்கு..." என்று ஆரம்பிப்பதற்குள் இருளாயி முந்திக்கொண்டாள்.

"எம் மவ!"

நவமணி இவளைவிட எட்டு வயதுதான் இளையவள். ஜெயபாலன் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. சிரப்பு அவசரம்.

இருபத்தொன்றாம் தேதி கடிதம் வந்தது. பிரித்துப் படித்தவன் நான். மேற்கண்ட ஐவரும் வசதி படைத்தவர்கள் என்று தெரியவருகிறது. ஐவரும் நெருங்கிய ரத்த உறவினர்கள் என்றும் தெரியவருகிறது. எனவே கடன் வழங்க இயலாது. ஆனாலும், தோட்டப்புற மக்கள் இவ்வளவு முன்னேறியிருப்பதைக் கண்டு அறவாரியம் பெருமிதம் கொள்கிறது.

படித்து முடித்தேன்.  வெளியே எங்கோ செம்பனை லோரி ஒன்று கியர் மாற்றிப் போனது.

"இன்னும் பத்து நாளு" என்றாள் இருளாயி. பிறகு என்னைப் பார்த்தாள். "ஐயா, முப்பது வருசமா தொரைக்குக் கணக்கு எழுதி எங்கள ஏழையாவே வச்சிருந்தீங்க. ஒரே ஒரு நாளு எங்களுக்காக வேலை பாத்தீங்க. பணக்காரியாக்கி நடுத்தெருவுல விட்டுட்டீங்க."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்காய்க்குப் போனேன். போஸ்ட் ஆபிஸிலிருந்து ஈப்போவுக்கு டெலிபோன் போட்டேன். இருந்த சில்லறையெல்லாம் போட்டுக் கெஞ்சியதில், இருபத்தொன்பதாம் தேதி மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார் தம்பி. "ஆனா சார், அஞ்சு வீட்டுலயும் டெலிவிஷன் இருந்தா நான் என்ன செய்ய முடியும்?" என்றும் கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். கிராணி வேலையில் அந்தப் பழக்கம் வரவில்லை.

திரும்பி வந்து சேதி சொன்னதும் இருளாயி ஒரு கட்டளை போட்டாள். "இந்தத் தடவ ஐயா வாயத் தொறக்கக் கூடாது. நாங்க பாத்துக்கிறோம்."

பார்த்துக்கொண்டார்கள். ஏழையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் ஐந்து வீட்டையும் காலி செய்தார்கள். டெலிவிஷன், நாற்காலி, கிளாஸ், கடிகாரம் போயின. அதோடு நிறுத்தியிருக்கலாம். பாய் போனது, பானை போனது. அடுப்பு, அம்மி, துணிக்கொடிக் கயிறு எல்லாம் போனது. காளியம்மா உற்சாகம் தாங்காமல் கதவைக் கழற்றிவிட்டாள். எல்லாவற்றையும் எங்கே வைப்பது? சாவி என்னிடம் இருந்தது. பால் கொட்டகையில் கொண்டுபோய் அடுக்கிப் பூட்டினார்கள்.

மறுநாள் ஜெயபாலன் வந்தார். நவமணி வீட்டுக்குள் போனார். நாலு சுவர். மங்களம் வீட்டுக்குள் போனார். அங்கேயும் நாலு சுவர், ஒரு பல்லி. காளியம்மா வீட்டில் கதவே இல்லாததால் வெளியில் நின்றபடியே பார்த்துவிட்டார். ஐந்தையும் பார்த்து முடித்து, லயத்துக்கு நடுவில் வந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, ரெண்டு வாரத்துக்கு முன்னால வீட்டுக்கு வீடு டெலிவிஷன். இன்னிக்கு அடுப்புகூட இல்ல. எல்லாரும் தோட்டத்த விட்டுப் போகப் போறீங்கபோல. ஊரை விட்டுப் போறவங்களுக்குக் கடன் கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

இருளாயி விரல் விட்டு நாளை எண்ணினாள். முதல் தடவை பணக்காரியாக இருந்ததால் கிடைக்கவில்லை. இப்போது அளவுக்கு மேல் ஏழையாகிவிட்டதால் கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு நாள்தான். வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளைப்படி நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பட்பட்டென்று மோட்டார் சத்தம். பழனியப்பன். பொதுச்சேவை செய்ய வந்திருந்தான்.

"சார், இவங்க எங்கயும் போகல சார். ஏமாத்துறாங்க. எல்லாச் சாமானையும் பால் கொட்டாயில ஒளிச்சி வச்சிருக்காங்க. என் கண்ணால பாத்தேன். வாங்க, காட்டுறேன்."

ஜெயபாலன் ஐந்து பேரையும் பார்த்தார். ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஊர்வலமாகக் கொட்டகைக்கு நடந்தோம். பழனியப்பன் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனான். லயமே பின்னால் வந்தது. பூட்டில் இரண்டு தடவை தப்பான சாவியைப் போட்டேன். வயசு என்று சொல்லிக்கொண்டேன்.

பால் நிறுக்கிற பழைய தராசுக்குக் கீழே ஐந்து குடும்பத்துச் சொத்து அடுக்கியிருந்தது. ஜெயபாலன் பாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். டெலிவிஷன், ஒன்று. அதன் மேல் கல்யாணப் படம், ஒன்று. கடிகாரம், ஒன்று, நாலு பத்து. பிரம்பு நாற்காலி, நாலு. ரோஜாப்பூக் கிளாஸ், ஐந்து. ஒன்று ஓட்டத்தில் உடைந்திருந்தது. பாய்களை விலக்கிப் பார்த்தார். அம்மிக்குப் பின்னால் பார்த்தார்.

"மீதி நாலு டெலிவிஷன் எங்கே?"

இருளாயி முன்னால் வந்தாள். "தம்பி, அஞ்சும் இதுதான்."

"புரியலம்மா."

"நீங்க ஒரு வீட்டுல தண்ணி குடிக்கிறப்ப இது அடுத்த வீட்டுக்குப் போயிரும். நாற்காலி இந்தக் கிராணியாருது. நாங்க நல்லா இருக்கோம்னு நீங்க நெனச்சாத்தான் காசு தருவீங்கன்னு செஞ்சோம். தப்புதான். எங்க வீட்டுக்கு யாராச்சும் வந்தா நாங்க இப்படித்தான் செய்வோம். வேற மாதிரி செய்யத் தெரியாது."

ஜெயபாலன் டெலிவிஷன் பொத்தானை அமுக்கினார்.

"அது ஓடாதுங்க" என்றாள் நவமணி. "ஓடியிருந்தா கடைக்காரன் எடுத்துட்டுப் போயிருப்பான்ல."

"அப்ப இந்தப் படத்துல இருக்கிற நீங்க இவங்க யாருக்கும் அக்கா இல்லையா? பெரியப்பா மக இல்லையா?"

"நான் யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லியா?" என்று சீறினாள் காளியம்மா. "முந்தாநாள் அரிசி யார் வீட்டுல வாங்குன?"

தம்பி ஒரு பிரம்பு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதலில் அவர் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வெளியே வந்தது. கண்ணாடி நழுவி மடியில் விழும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துப் பாரத்தைத் திருப்பினார். அதில் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றுக்கும் வசதிப் புள்ளி உண்டு. டெலிவிஷனுக்குப் பத்துப் புள்ளி, அதை ஐந்தால் வகுத்தார். ஓடாத டெலிவிஷன் என்று எழுதி மீதியையும் அடித்தார். கடிகாரத்துக்கும் அதே கதி. நாற்காலியை என் கணக்கில் தள்ளினார். கூட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏழைதாம்மா. அஞ்சு பேருமே. ரொம்ப ஏழை."

பரீட்சையில் மாநிலத்திலேயே முதலாவதாகப் பிள்ளை தேறியது போல ஐந்து பேரும் கத்தினார்கள். லயமே கைதட்டியது. மங்களம் கருப்பம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏழை என்று சொன்னதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட கூட்டத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

"சார், ஏமாத்தினாங்களே சார்!" என்றான் பழனியப்பன்.

"ஏமாத்தினாங்கதான்" என்றார் ஜெயபாலன். "ஆனா இந்தக் கனமான பெட்டிய அஞ்சு வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. ஒருத்தருக்காக ஒருத்தர் நிப்பாங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் நான் வந்தேன். இதுக்கு மேல என்ன வேணும்? நீங்க காட்டலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ரொம்ப நன்றிண்ணே."

பழனியப்பன் வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த முதல் நன்றி அது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்கு ஆபிஸ் திறந்தபோது பழனியப்பன் மேனேஜர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். கையில் இருநூறு வெள்ளி. "வேற யாரு சார் கட்டப்போறா? இருநூத்துக்கு முடிச்சிருங்க" என்று ஒரு மணி நேரம் பேரம் பேசினான். நான் பக்கத்து மேசையில் பேனாவைத் தேடுவது, மையைத் தேடுவது, ரசீதுப் புத்தகத்தைத் தேடுவது என்று வேலையில் மூழ்கியிருந்தேன். முப்பது வருடச் சேவையில் அவ்வளவு மெதுவாக நான் வேலை செய்ததில்லை. மேனேஜர் சலித்துப்போய், சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். வெளியே ஜெயபாலனின் மோட்டார் வந்து நின்றது. பின்னால் இருளாயி. பக்கவாட்டில் உட்கார்ந்து, தம்பியின் பையை ஒரு கையாலும் அவர் சட்டையை இன்னொரு கையாலும் பிடித்திருந்தாள். மோட்டாரில் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஆறு ஐம்பது வெள்ளி நோட்டை மேசையில் வைத்தாள். எனக்கு உடனே ரசீதுப் புத்தகம் கிடைத்துவிட்டது.

மீதி இருநூறில் பக்கீர் முகம்மதுவின் சுங்காய்ச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு பழைய தோசைக்கல், இரண்டு தேத்தண்ணிப் பானை, அடுப்பு எல்லாம் வந்தன. திங்கட்கிழமை விடியும்போது கடை திறந்தது. அவள் தோசையின் வாசனை பிடித்து அவ்வளவு தூரத்து ஆயர் தாவாரிலிருந்துகூட லோரிகள் வழி மாறி வந்தன என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சரி, ஒரு லோரி வந்தது.

அவள் மாளிகை கட்டவில்லை. கூரை இன்றைக்கும் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஆனால் ஐம்பது செவ்வாய்க்கிழமை, வாரத்துக்குப் பதினோரு வெள்ளி, ஒன்றைக்கூடத் தவற விடவில்லை. அவள் பத்து வாரம் கட்டியதும் நவமணிக்கு ஆடு வந்தது. மங்களத்துக்குக் கோழி வந்தது. கோலாலம்பூர் பால்கனியில் துணி மட்டும்தான் காய்ந்தது. பழனியப்பனிடம் புதுக் கடன் வாங்கப் போகிறவர்கள் குறைந்தார்கள். பழைய கடனை அடைத்தவர்களின் கார்டுகள் பிஸ்கட் டின்னிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. என்னுடையதும் வந்தது. டின்னில் பிஸ்கட் வைக்கவும் இடம் கிடைத்தது.

ஒரு வருடம் போயிருக்கும். ஒருநாள் காலை நான் கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். பழனியப்பன் வந்து பலகையில் உட்கார்ந்தான். வியாபாரம் படுத்துவிட்டதால் ஆள் கொஞ்சம் இளைத்திருந்தான்.

"இருளாயி, ரெண்டு தோசை, ஒரு தே. காசு நாளைக்கித் தாரேன்."

இருளாயி தோசையைத் திருப்பிப் போட்டாள். "தாராளமாத் தாரேண்ணே. அடகெல்லாம் வேணாம், ஐசி கார்டும் வேணாம். ஆனா சட்டம் ஒண்ணு இருக்குல்ல. உங்களுக்காக நாலு பேரு நிக்கணும். சொந்தக்காரங்க ஆகாது."

பழனியப்பன் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. திரும்பிக் கடையைப் பார்த்தான். எட்டு லோரிக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்கிற பெண்பிள்ளைகள், நவமணி, கருப்பம்மாள், நான். எல்லாருக்கும் அந்த நேரத்தில் தங்கள் தட்டில் பார்க்க ஏதோ முக்கியமான விஷயம் இருந்தது.

"தேடிக் கூட்டிட்டு வாங்கண்ணே. கல்லு சூடாத்தான் இருக்கும்" என்றாள் இருளாயி.

அவன் எழுந்து தேடப் போனான். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஈப்போ புந்தோங்குக்குக் குடிவந்த நாள்வரைக்கும் இரண்டு பேர்தான் கிடைத்திருந்தார்கள். அதிலும் ஒருவர் மனசு மாறிவிட்டதாகக் கேள்வி.